முலூக்கியாவுக்கு இழுக்கும் மூச்சு

அடுப்பில் முலூக்கியாக் கீரை கொதிக்கத் தொடங்குகிறது. பக்கத்தில் சின்ன வாணலியில் பூண்டும் கொத்தமல்லி விதையும் நெய்யில் சிவக்கின்றன. அதைக் கீரையில் கொட்டும்போது சமைப்பவள் திடுக்கிட்டவள் போல 'ஹா'வென்று மூச்சை இழுக்க வேண்டும். இல்லாவிட்டால் கீரை ருசிக்காது என்பது அந்த ஊர் நம்பிக்கை. இன்ஷிராஹுக்கு இன்று மூச்சு தொண்டையில் அடைத்துக் கிடக்கிறது. குவைத்திலிருந்து வரும் தம்பிக்கு முயல் கறி இல்லாமல் என்ன விருந்து என்று காலையில் கணவன் கேட்டபோது, சரியென்று தலையாட்டியவள் அவள்தான். பிள்ளைகள் பள்ளிக்குப் போனதும் அவன் கத்தியோடு மொட்டைமாடிக்குப் போனான். பிள்ளைகள் செல்லமாக வளர்த்த முயல் ஃபுஸ்துக் இப்போது மூடிய தட்டுக்குள் பொன்னிறமாக வறுபட்டிருக்கிறது.

"என்ன அண்ணி, சத்தத்தையே காணோம்? அதுக்குத்தானே விமானம் ஏறி வந்தேன்!" கூடத்திலிருந்து கொழுந்தன் ஹம்தி கேட்கிறான்.

அவள் வாணலியைத் தூக்குகிறாள். சமையலறை வாசலில் மகள் ஜுமானா, பள்ளிச் சீருடையோடு, கையில் ஒரு பிடி புல்.

"அம்மா, ஃபுஸ்துக் கூண்டுல இல்ல. நீ திட்டினியா? கோவிச்சுக்கிட்டு ஒளிஞ்சிருக்கா?"

வாணலி கையில் சரிகிறது. பூண்டு சுரீரென்று கீரையில் விழ, அடைத்த மூச்சு 'ஹா'வென்று பிய்த்துக்கொண்டு வருகிறது.

"அதான்! இப்பத்தான் வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கு!" ஹம்தி கைதட்டுகிறான்.

எப்போதும் போல ஜுமானாவும் அம்மாவைப் பார்த்துச் சிரித்தபடி, புல்லை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, 'ஹா'வென்று மூச்சை இழுக்கிறாள்.