அந்தரத்தில் வைக்கிற பழக்கம்

"கொஞ்சம் இவளைப் பிடிங்க" என்றாள் மனைவி.

டிரில்காரன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

மகள் பிறந்து ஒரு மாதமாகிறது. இன்னும் அவளை அவன் தூக்கவில்லை. கை அழுக்கு என்றான், சளி என்றான், தூங்குகிற பிள்ளையை ஏன் எழுப்புகிறாய் என்றான். இன்றைக்குச் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை.

உண்மை என்னவென்றால், அவனுக்குத் தன் கைகள்மேல் நம்பிக்கையில்லை.

அவனைக் குறை சொல்லியும் பயனில்லை. வேலை அப்படி. பகலெல்லாம் பாறைக்குள்ளே சுரங்கத்தில் டிரில் வைத்துத் துளை போட்டுக்கொண்டு கிடக்கிறான். ஒரு ஊர் அகலத்துக்கு இருக்கும் பாறை அது. வயிற்றில் நிக்கலையும் பனிக்கட்டியையும் வைத்துக்கொண்டு விண்வெளியில் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. அங்கே எதற்கும் எடை கிடையாது. ஸ்பேனர் வேண்டாமென்றால் பக்கத்தில் அந்தரத்திலேயே வைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். சமர்த்தாக மிதந்துகொண்டு நிற்கும்.

வீட்டில் இந்தக் கதை நடக்காது.

பாறைக்குப் பக்கத்திலேயே ராட்சத வளையம் ஒன்றைக் கட்டி, அதைச் சுழலவிட்டு, உள்ளே குடும்பங்களைக் குடிவைத்திருக்கிறார்கள். சுழல்வதால் உள்ளே இருக்கிற எல்லாவற்றுக்கும் எடை உண்டு. தண்ணீர் டம்ளருக்குள் அடங்கி இருக்கும். தலை தலையணையில் நிற்கும். கையிலிருந்து விட்டது தரையில்தான் போய் விழும்.

ஷிஃப்ட் முடிந்து வருகிறவனின் மூளைக்கு இது தெரியும். கைக்குத் தெரிய வேண்டாமா? டீயைக் குடித்துவிட்டு டம்ளரை அந்தரத்தில் வைப்பான். டமார்! கேண்டீனே கைதட்டும்.

இந்த விஷயத்தில் வளையத்தில் ஒருவரும் யோக்கியமில்லை. மேனேஜர் அம்மாவே மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அந்தரத்தில் வைத்து நொறுக்கியவர்தான். ஆனாலும் டிரில்காரனை அடித்துக்கொள்ள ஆளில்லை. டம்ளர், தட்டு, போன், மாமனார் ஆசையாக அனுப்பிய கடிகாரம். கேண்டீன்காரர் இப்போதெல்லாம் அவனுக்கு மட்டும் ரப்பர் கப்பில்தான் டீ ஊற்றுகிறார்.

ரப்பர் கப் விழுந்தால் துள்ளும். பிள்ளை?

மனைவியைப் பார்த்தால் பொறாமையாகக்கூட இருந்தது. அவளும் அதே சுரங்கத்தில் வெல்டர்தான். சொல்லப்போனால் அவனுக்கு சீனியர். பிரசவ லீவில் ஐந்து மாதமாக வளையத்தை விட்டு வெளியே கால் வைக்கவில்லை. அவள் கைக்கு எடை நன்றாகப் பழகிவிட்டது. பிள்ளையை ஒரு கையில் இடுக்கிக்கொண்டு மறு கையால் துணி மடிப்பாள். பெற்றவள் கை என்றால் சும்மாவா என்று நினைத்துக்கொள்வான். தினமும் அவள் "பிடிங்க, பிடிங்க" என்று விடாமல் கேட்பது தனக்குத் தைரியம் கொடுக்கத்தான் என்றும் அவனுக்கு நினைப்பு. நல்ல மனசுக்காரி.

"பிடிங்கன்னு சொல்றேன்ல?"

"வேணாம்மா. என் கையப் பத்தி உனக்குத் தெரியாதா? ஊரே சிரிக்குது."

அவள் சிரிக்கவில்லை. கட்டில் ஓரத்தில் மெல்ல உட்கார்ந்தாள். கண் சிவந்திருந்தது.

"காலைல துணி எடுக்கத் திரும்பினேங்க" என்றாள். "இவள அப்படியே அந்தரத்துல வெச்சிட்டேன்."

டிரில்காரனுக்கு உயிரே போய்விட்டது.

மெத்தைக்கு மேலேதான். ஒரு முழ உயரம்கூட இருக்காது. பொத்தென்று விழுந்த பிள்ளை கொட்டாவி விட்டாளாம். டாக்டரிடம் ஓடியிருக்கிறாள். அவர் தலை முதல் கால் வரை பார்த்துவிட்டு, ஒன்றுமே இல்லை, நீங்கள் போய்ப் படுங்கள் என்று அனுப்பிவிட்டார். ஆனால் அவள் படுக்கவில்லை. பிள்ளையைக் கீழே விடவும் இல்லை. காலையிலிருந்து இப்போதுவரை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

"பொறந்த நாள்லேர்ந்தே எனக்குப் பயம்தாங்க" என்றாள். "அதனாலதான் தினமும் உங்களக் கூப்பிட்டேன்."

அடப்பாவி, என்று டிரில்காரன் தன்னையே திட்டிக்கொண்டான். அவள் உதவிக்குக் கூப்பிட்டிருக்கிறாள். ஒரு மாதமாக. இவன் சளி என்றிருக்கிறான்.

தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். முதுகைச் சுவரில் சாய்த்து, இரண்டு கைகளையும் நீட்டினான்.

"கொடு."

அவள் கொடுத்தாள். கொடுத்தபின்னும் தன் கைகளை எடுக்காமல் அவன் கைகளுக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

பாறைக்குள்ளே அரை டன் டிரில்லை ஒற்றை விரலால் தள்ளிவிடுகிறவன் அவன். மூன்றரைக் கிலோ இப்படிக் கனக்கும் என்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. ஒழுங்காகப் பிடித்திருக்கிறோமா என்று பார்க்க, ஒரு விரலைக் கொஞ்சம் நகர்த்தினான்.

மகள் அந்த விரலைக் கப்பென்று பிடித்தாள்.

மெதுவாக இழுத்துப் பார்த்தான். ம்ஹூம். இன்னும் கொஞ்சம் இழுத்தான். தூக்கத்திலேயே முகத்தைச் சுளித்துக்கொண்டு இன்னும் இறுக்கினாள்.

"விட மாட்டேங்கறா பாரு" என்றான்.

மனைவி அழுதுகொண்டே சிரித்தாள்.

வளையத்தில் பிறந்தவள் அல்லவா. அந்தரத்தில் எதையும் வைக்கலாம் என்று அவளுக்கு இன்னும் தெரியாது.