கடைசி சீட்

"கேமராவைத் திருப்புடி!"

ஃபோனில் விஜய் போட்ட சத்தம் டிரைவர் வரைக்கும் கேட்டது.

சேதராப்பட்டில் கம்பெனி விட்டு ஏறிய கூட்டம். துர்காவுக்கு ஜன்னலோர சீட் கிடைத்ததே பெரிசு. உட்கார்ந்ததும் வீடியோ கால்.

"வீட்டுக்குத்தான்டா போறேன்."

"லொகேஷன்ல தமிழ்நாடுன்னு காட்டுது! எல்லை தாண்டி எவன் கூடப் போற?"

பக்கத்து சீட் பாக்கியலட்சுமி அக்கா சிரித்துவிட்டாள். பாண்டியில் பிறந்தவன் கேட்கிற கேள்வியா இது? இந்த ரூட்டில் தமிழ்நாடு வரும், போகும், திரும்பப் புதுச்சேரி வரும். விஜய்க்கும் தெரியும். சந்தேகம் வந்தால் மட்டும் மறந்துவிடும்.

"பஸ்ஸு இப்படித்தானே வரும்? நீயே எத்தினி வாட்டி வந்திருக்க!"

"அதெல்லாம் தெரியாது. பஸ்ஸைச் சுத்திக் காட்டு. கட்டிக்கப் போறவனுக்கு இதுக்குக்கூட உரிமை இல்லியா?"

தினமும் நடக்கிற கூத்துதான். துர்கா ஃபோனைத் திருப்பினாள். கண்டக்டர், கூடையோடு மீன்காரம்மா, தூங்கி வழிந்த ஒரு பெரியவர். அவர் திடுக்கிட்டு விழித்து, ஃபோனைப் பார்த்துக் கும்பிடு போட்டார். பஸ்ஸே சிரித்தது.

"குடுத்து வெச்சவடி நீ," என்றாள் அக்கா. "என் வீட்டுக்காரரு நான் இருக்கேனா செத்தேனான்னு ஒரு ஃபோன் பண்ண மாட்டாரு. பாசம் இருந்தாதானே சந்தேகம் வரும்?"

துர்காவும் ரெண்டு வருஷமாக இதைத்தான் தனக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். தன் ஃபோன் பாஸ்வேர்டை அவனுக்குக் கொடுத்ததும் அதனால்தான்.

எழுந்து நின்று பின்பக்கம் காட்டப் போனாள். கடைசி சீட்டைப் பார்த்ததும் கை அப்படியே நின்றது. சட்டென்று ஃபோனைத் தன் பக்கமே திருப்பிக்கொண்டாள்.

"ஏய், பின்னாடி ஏன் காட்டல?"

"போதும்டா, காட்டிட்டேன்."

"கடைசி சீட்டைக் காட்டு."

"மாட்டேன்."

சிரிப்பெல்லாம் கப்பென்று அடங்கியது.

"எவன் இருக்கான் அங்க? டிபியில ஃபோட்டோ வெச்சதுக்கே என் தங்கச்சி ஃபோனைச் சுவத்துல அடிச்சவன் நான். நீ எம்மாத்திரம்? இப்பக் காட்டல, உன் ஃபோட்டோ எல்லா குரூப்லயும் வரும். தை மாசம் நிச்சயமும் கிடையாது!"

அக்கா எட்டிப் பார்த்தாள். கூட்டத்துக்கு நடுவே ஒரு நீலச் சட்டைப் பையனின் தலைதான் தெரிந்தது. அவன் அவசரமாக முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பினான்.

"ஓகோ," என்றாள் அக்கா.

துர்கா ஃபோனை முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"போடு. நீ சொன்னதைப் பஸ்ஸே கேட்டுச்சு. ஒரு ஃபோட்டோ வெளிய வரட்டும், நேரா சைபர் கிரைமுக்குப் போறேன். நிச்சயம் வேணாம்னு நீ என்ன சொல்றது? நான் சொல்றேன். இதைப் போயி பாசம்னு நெனச்சேன் பாரு!"

கட் செய்தாள். ப்ளாக் செய்தாள். பாஸ்வேர்டை மாற்றினாள். ஓர் எழுத்துகூடத் தப்பாக விழவில்லை.

"ஒருத்தனை வெச்சுக்கிட்டு இன்னொருத்தன் கூட நிச்சயமாம்," என்று முணுமுணுத்தபடி அக்கா கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

துர்கா ஜன்னல் வழியாக ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

கோரிமேட்டில் பாதிக் கூட்டம் இறங்கியது. நீலச் சட்டைக்குப் பக்கத்தில், காலேஜ் பையில் முகத்தைப் புதைத்துக் குனிந்திருந்த ஒரு பெண் எழுந்தாள். கம்பியைப் பிடித்துப் பிடித்து முன்னால் வந்தாள். துர்காவின் கையைப் பற்றிக்கொண்டாள். அழுதழுது முகம் வீங்கியிருந்தது.

"என்னை மட்டும் காட்டியிருந்தீங்கன்னா அண்ணன் கொன்னே போட்டிருக்கும். ரொம்ப தேங்க்ஸ் அண்ணி."

"அண்ணி இல்ல மேனகா," என்றாள் துர்கா. "இனிமே அக்கான்னு கூப்பிடு."