மாதம் ஒரு குற்றம்

லிங்கசாமி மாதம் தவறாமல் ஒரு குற்றம் செய்தார்.

சம்பளம் வாங்கிய மறுநாள் காலை, பனியன் கம்பெனியில் கூட வேலை செய்யும் ராசப்பனைச் சைக்கிளின் பின்னால் ஏற்றிக்கொள்வார். முக்கில் நிற்கும் கான்ஸ்டபிள் மாரப்பனின் மூக்குக்கு நேராக மிதிப்பார். டபுள்ஸ் போனால் அபராதம் போட்ட காலம் அது. மாரப்பன் விசில் அடித்ததும், முகமெல்லாம் சிரிப்பாக இறங்குவார்.

காரணம் இருந்தது. அறுபத்து நாலில் ரங்கூனிலிருந்து கப்பலேறி வந்தவர் அவர். அங்கே, "நீ இந்தியாக்காரன், போ" என்றார்கள். இங்கே, "நீ பர்மாக்காரன், ஐந்து வருஷம் இருந்துவிட்டுக் குடியுரிமைக்கு மனுப் போடு" என்றார்கள். திரும்பிப் போக மூன்றாவதாக ஒரு தேசம் அவருக்குக் கிடையாது.

கப்பலில் கூட வந்த ஒருவர் காதில் போட்டு வைத்திருந்தார். "அஞ்சு வருஷமும் இங்கதான் இருந்தேன்னு அத்தாட்சி கேப்பாங்க. இப்பவே சேத்து வையுங்க."

யார் தருகிறார்கள்?

"வாடகை ரசீதா? அதக் காட்டியே முனிசிபாலிட்டிக்காரன் எனக்கு வரி போடுவான். ரசீது வேணும்னா ஊட்டக் காலி பண்ணு கண்ணு" என்றாள் வீட்டுக்காரி பெரியாத்தாள், அன்பாகவே.

"உங்க பேரக் கம்பெனி ஆளுங்க ரோல்ல ஏத்துனா லேபர் இன்ஸ்பெக்டர் வருவாருங்க" என்றார் முதலாளி. ரேஷன் கார்டு கேட்டுப் போனால், வாடகை ரசீது எங்கே என்றார்கள்.

அப்போதுதான் ஒருநாள் தற்செயலாக டபுள்ஸில் மாட்டினார். மாரப்பன் சட்டைப் பையிலிருந்து புத்தகத்தை எடுத்து, பேர், அப்பா பேர், விலாசம், தேதி எல்லாம் எழுதி, சிங்க முத்திரை போட்ட ரசீது ஒன்றைக் கிழித்துக் கொடுத்தார். ஓரத்தில் லேசாக மஞ்சள்கூடப் படிந்திருந்தது. அரசாங்கக் காகிதம் எவ்வளவு மங்களமாக இருக்கிறது என்று லிங்கசாமிக்குக் கண் கலங்கிவிட்டது.

அன்று முதல் மாதம் ஒரு ரசீது.

ஒரு தைப்பூசத்தன்று மாரப்பனே மனமிரங்கினார். "நல்ல நாளுமா அபராதம் எதுக்குங்க? போங்க."

"அதெப்படிங்க விடுவீங்க? தப்பு தப்புதானுங்களே!" என்று லிங்கசாமி சண்டைக்கே போய்விட்டார். "வேணும்னா கோர்ட்டுக்கே வர்றனுங்க."

"ஐயையோ, கோர்ட்டெல்லாம் எதுக்குங்க? பணத்தக் குடுங்க, அங்க நானே கட்டிப்போடறனுங்க" என்று அவசரமாக எழுதிக் கொடுத்தார் மாரப்பன். இந்தக் காலத்தில் இப்படி ஒரு போலீஸ்காரரா என்று லிங்கசாமி வழியெல்லாம் வியந்துகொண்டு போனார்.

"நடந்தே போயிருந்தாலும் இந்நேரம் கம்பெனிக்குப் போயிருக்கலாமுங்க" என்றான் பின்னாலிருந்த ராசப்பன்.

முதல் ரசீதிலிருந்து ஐந்து வருஷம் முடிந்தது. அறுபது ரசீதுகளைப் பட்டுத்துணியில் சுற்றிக்கொண்டு தாலுகா ஆபீசுக்குப் போனார் லிங்கசாமி. கிளார்க் கந்தவேல் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, வெற்றிலையை மெல்வதையே நிறுத்திவிட்டார்.

"ஏனுங்க, மனுவுல என்ன கேட்டிருக்குதுன்னு படிச்சீங்களா? 'கோர்ட்டில் தண்டனை பெற்றதுண்டா?' நீங்க அறுபது தடவ வாங்கியிருக்கறீங்க. நன்னடத்தை இல்லாத ஆளுக்கு எப்படிங்க குடியுரிமை?"

லிங்கசாமி பெஞ்சில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஐந்து வருஷமாகத் தன் குழியைத் தானே தோண்டியிருப்பது அப்போதுதான் உறைத்தது.

கந்தவேலுக்கே பரிதாபமாகிவிட்டது. எதிரே இருந்த கோர்ட்டுக்கு நேரிலேயே போய்ப் பதிவேட்டைப் பார்த்துவிட்டு, மத்தியானம் ஓட்டமாகத் திரும்பி வந்தார்.

"உங்க பேர்ல ஒரு கேஸுகூட இல்லீங்க! அஞ்சு வருசமும் பொரட்டிப் பாத்துட்டனுங்க."

"அப்ப இந்த ரசீதுங்க?"

கந்தவேல் ஒன்றை எடுத்து ஓரத்து மஞ்சளை முகர்ந்து பார்த்தார். "கல்யாணப் பத்திரிகை அடிக்கற பிரஸ்ஸுல அடிச்சதுங்க. மாரப்பன் சொந்தமா அடிச்சு, காச அவரே பைல போட்டிருக்கறாரு."

லிங்கசாமி எழுந்து கைகூப்பினார். "முருகா! அப்ப நான் யோக்கியன்தானுங்களே?"

"உங்க யோக்கியதைல ஒரு குறையுமில்லீங்க" என்றார் கந்தவேல். "நீங்க அஞ்சு வருசம் இந்த ஊர்ல இருந்ததுக்குத்தான் ஒரு அத்தாட்சியும் இல்லீங்க."

அடுத்த மாதம், மாரப்பன் மேல் போட்ட மோசடி வழக்கில் சாட்சி சொல்ல லிங்கசாமிக்குச் சம்மன் வந்தது. பேர், அப்பா பேர், விலாசம், தேதி, நிஜமான சிங்க முத்திரை.

ஒவ்வொரு வாய்தாவுக்கும் இதேபோல ஒன்று வரும் என்று கேள்விப்பட்டதும், வழக்கு இன்னும் ஐந்து வருஷத்துக்கு முடியவே கூடாது என்று அவர் சென்னிமலை முருகனுக்கு மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டார்.