யூலை மாதத்துப் பனி

“என்ன பியற்றிஸ் அக்கா, யூலை மாசத்திலயும் பனிமலைக்கோ?”

லண்டன் ஃபாரஸ்ட் கேட் மாதா கோயில் வாசலில், பூசை முடிந்த கையோடு, நாலு பேருக்குக் கேட்கட்டும் என்றுதான் றோஸ்மலர் கேட்டாள்.

“ஓம் பிள்ளை. நாளைக்குப் போறன்.” பியற்றிஸ் சிரித்தபடியே பஸ்ஸுக்கு நடந்துவிட்டார்.

றோஸ்மலருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆஸ்பத்திரியில் கிளீனிங் செய்கிற மனுசி. கோடீஸ்வரர்கள் பனியில் சறுக்கப் போகிற அந்த சுவிஸ் மலையூருக்கு மாரியிலும் போகிறா, கோடையிலும் போகிறா. திரும்பி வந்து எல்லாருக்கும் சொக்லேட் வேறு. எடுப்புச் சாய்ப்பைப் பாருங்கோவன்!

“பனியில்லாத மாசத்தில என்னத்தில சறுக்கிறாவாம்? புல்லிலயோ?” வீட்டுக்கு வந்தும் விடவில்லை.

“உனக்கேனப்பா ஊர் விடுப்பு?” என்றார் கணவர் சவிரிமுத்து.

“எனக்கு வயிறெரியுதப்பா! அவவுக்குப் பாஸ்போட் இருக்கு, பறக்கிறா. நான் எண்பத்தொன்பதில வந்தனான், என்ர அகதி விண்ணப்பம் இன்னும் குரோய்டன் குடிவரவுக் கந்தோரில கிடந்து தூங்குது. சூரிச்சில என்ர ஜெசிந்தாவுக்கு இந்தக் கிழமை தலைப்பிரசவம். ஒரு பத்தியக் கறி வைக்க, பிள்ளையைக் குளிப்பாட்ட, அங்க ஆர் இருக்கினம்?”

சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, “மருமோன் பெரிய ஹோட்டலில மனேஜர்தானே. ஆள் வைச்சாவது பாப்பார்,” என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை போன் அடித்தது.

“அம்மா! பொம்பிளைப் பிள்ளை!”

“என்ர மாதாவே!” றோஸ்மலர் துள்ளிய துள்ளில் சவிரிமுத்துவின் தேத்தண்ணி கவிழ்ந்தது. “சாப்பிட்டியோ மோனை? ஆர் உன்னைப் பாக்கினம்?”

“பத்தியக் கறியும் சோறும் ஒரு பிடி பிடிச்சிட்டன். பிள்ளையும் குளிச்சுப்போட்டு நல்ல நித்திரை. ஒரு அன்ரி வந்து நிக்கிறா... அம்மா, கோவிக்காதேங்கோ. நாங்கள் சூரிச்சில இல்லை. இவர் மனேஜரும் இல்லை. மலையில ஒரு ஹோட்டலில கோப்பை கழுவுறார்.”

றோஸ்மலர் போனை மற்றக் காதுக்கு மாற்றினாள்.

“கழுவட்டும்! களவோ எடுக்கிறார்? நீ அந்த அன்ரி ஆரெண்டு சொல்லு.”

“இஞ்ச ஹோட்டல்களில கோப்பை கழுவுற எங்கட ஆக்களின்ர வீட்டில எப்ப பிள்ளை பிறந்தாலும் அவதான் வந்து பாப்பா. இவையள் எல்லாரும் மனேஜர் எண்டல்லோ வீடுகளுக்குச் சொல்லி வைச்சிருக்கினம்! அந்த மரியாதை கெடக்கூடாதெண்டு, ஆர் வீட்டுக்குப் போறன், ஏன் போறன் எண்டு ஆரிட்டையும் மூச்சு விடமாட்டா. இந்தாங்கோ, அவவிட்ட குடுக்கிறன்.”

போன் கை மாறியது.

“றோஸ்மலர், பேத்தி உன்னை அப்படியே உரிச்சு வைச்சிருக்கிறாள்!”

குரல் பிடிபட்டதும் றோஸ்மலருக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாய் வந்தன. “பியற்றிஸ் அக்கா... என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ...”

“அட, அழாதை பிள்ளை. இத்தனை வருசமா வாறன், அந்த மலையை ஒருக்கா நிண்டு பாப்பமெண்டு இண்டைக்குத்தான் வெளிக்கிட்டனான். உன்ர பேத்தி கத்தின கத்தில கதவடியோட திரும்பிட்டன்!”