ஏழாம் தந்தியோடு ஒரு சண்டை

"அண்ணே, இன்னிக்கும் நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டீங்க!" என்று சிரித்துக்கொண்டே உள்ளே வந்தாள் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரி.

படங்களுக்குச் சட்டம் போடும் கடை அது. பெரியவர் கண்ணாடி வெட்டுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். "ஏழாம் தந்தியா? என்ன சொல்றான்?"

'இரும்புக் கொக்கு' என்று ஒரு ராக் இசைக்குழு. அதன் ரசிகர்கள் கூடி அடித்துக்கொள்வதற்கென்றே இணையத்தில் ஓர் அரட்டைப் பக்கம் உண்டு. "ஏழாம் தந்தின்னு ஒருத்தன் எழுதற இடமாம், என்னையும் சேர்த்து விடும்மா" என்று பெரியவர் கெஞ்சியதால் சேர்த்துவிட்டவள் இவள்தான். வேடிக்கை பார்க்கத் தானும் சேர்ந்துகொண்டாள். அங்கே யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது, நம்பரும் தெரியாது. பெரியவர் தனக்கு வைத்துக்கொண்ட பெயர் 'கிழட்டுக் காது'.

"கேளுங்க. 'கிதார் கத்தினாத்தான் கிழட்டுக் காது சாருக்குப் பாட்டு. மனுஷன் மாறலாம், பேண்டு மாறக் கூடாதா? புது ஆல்பத்துல கீபோர்டு எவ்வளவு மெதுவா வந்து உக்காருது! அதைக் கேக்க அவருக்குப் பொறுமை இல்ல'ன்னு போட்டிருக்கான். இன்னும் போகுது."

"நீளமா எழுதியிருக்கானா?"

"ஒரு பக்கத்துக்கு."

பெரியவர் முகம் பூரித்துப்போனது. "முழுசாப் படிம்மா."

படித்து முடித்ததும், பசை ஒட்டிய கட்டைவிரலைத் துடைத்துக்கொண்டு தன் ஃபோனில் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினார். 'கீபோர்டா அது? தாலாட்டு! முதல் ஆல்பத்துல இருந்த இடி எங்க போச்சு?'

அவள் இடுப்பில் கை வைத்தாள். "ஏண்ணே, புது ஆல்பத்தைக் கண்ணை மூடிக் கேட்டுட்டு, 'மனசை என்னமோ பண்ணுதும்மா'ன்னு சொன்னது நீங்கதானே? பழைய பாட்டைப் போட்டா, 'தகரக் கூரையில கல்லு விழுது'ன்னு முகத்தைச் சுளிப்பீங்க. அங்க போய் அப்படியே தலைகீழா எழுதறீங்களே!"

"ஒத்துக்கிட்டா பேச்சு முடிஞ்சிடும்மா."

"முகம் தெரியாத ஒருத்தன்கிட்ட பேச இவ்வளவு ஏக்கமா?"

பெரியவர் சட்டத்தின் மூலையில் பசை தடவுவதில் மும்முரமானார். ஏக்கம்தான். அவன் எழுதாத நாளில் அவருக்கு வேலையே ஓடாது. அளந்த சட்டத்தையே திரும்பத் திரும்ப அளந்துகொண்டிருப்பார். சேர்ந்த புதிதில், 'நல்ல பாட்டு' என்று பயந்து பயந்து எழுதிப் பார்த்தார். அவன் ஒரு கட்டைவிரல் படத்தைப் போட்டுவிட்டுப் போய்விட்டான். 'மட்டமான பாட்டு' என்று எழுதிய அன்றுதான் வாயைத் திறந்தான். அன்றிலிருந்து இவரும் விடவில்லை.

சாயங்காலம் அவள் ஓட்டமும் நடையுமாக வந்தாள். "அண்ணே, பேண்டு கலையுதாம்! பாடறவரும் கிதார்காரரும் ஆளுக்கொரு பக்கம் போறாங்களாம். 'இனிமே எதுக்குச் சண்டை? பக்கத்தை இன்னிக்கோட மூடறேன், ஆளுக்கு ஒரு கடைசி வார்த்தை சொல்லிட்டுப் போங்க'ன்னு நடத்தறவர் போட்டுட்டார்."

பெரியவர் கையிலிருந்த சட்டத்தைக் கீழே வைத்தார். "மூடிட்டா... அவன் எங்க எழுதுவான்?"

"தனியா ஒரு செய்தி போட்டு நம்பர் கேளுங்களேன்."

"குடுக்க மாட்டாம்மா."

அதை அவர் சொன்ன விதத்தில் அவள் கேலியை விட்டுவிட்டாள்.

இன்னும் ஒரே ஒரு சண்டை. பெரியவர் அலமாரியிலிருந்து பழைய டேப் ரெக்கார்டரை இறக்கினார். முதல் ஆல்பத்தின் கேசட் அதற்குள்ளேயே இருந்தது. பழைய பாட்டுகளை அவர் கேட்டதெல்லாம் அதில்தான். கடைசிப் பாட்டை ஓடவிட்டார், தலையாட்டிக்கொண்டார், தட்டினார்.

'கடைசிப் பாட்டைக் கேளுங்க. இடி மாதிரிப் போயிட்டிருக்கிறப்போ நடுவுல சட்டுனு நிக்கும். ஒரு சத்தமும் இருக்காது. அப்புறம் மறுபடியும் இடி. அந்த அமைதிக்கு ஈடா உங்க புது ஆல்பத்துல என்ன இருக்கு?'

அவ்வளவுதான், எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். 'எந்த அமைதி?' 'அந்தப் பாட்டு எங்கயும் நிக்காது சார்!' 'கிழட்டுக் காதுன்னு சும்மாவா பேரு வெச்சார்!'

ஜெராக்ஸ் கடைக்காரி தன் ஃபோனில் அதே பாட்டைப் போட்டுக் கேட்டாள். "ஆமாண்ணே, நிக்கவே இல்லையே."

பெரியவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். கடைசி வார்த்தையும் இப்படி அசட்டுத்தனமாகப் போய்விட்டதே! எல்லோரும் சிரித்து ஓய்ந்து, ஒவ்வொருவராக விடைபெற்றுக்கொண்டிருந்தார்கள். ஏழாம் தந்தி மட்டும் ஒன்றும் எழுதவில்லை.

கதவை இழுத்து மூட எழுந்தபோது ஃபோன் அதிர்ந்தது. அரட்டைப் பக்கத்தில் இல்லை, அவருக்கு மட்டும் தனியாக வந்த செய்தி. எழுத்துகள் கலங்கித் தெரிந்ததால் அவளிடம் நீட்டினார்.

அவள் உரக்கப் படிக்க ஆரம்பித்து, போகப்போகக் குரலைத் தாழ்த்தினாள்.

"'அந்த அமைதி பாட்டுல கிடையாது. வீட்டுலயே விட்டுட்டு வந்த என் கேசட்ல மட்டும்தான் இருக்கு. சத்தத்தைக் குறைன்னு நீங்க போட்ட சத்தத்துல பதறிப்போய் ரெக்கார்டு பட்டனை அமுக்கி, அந்த இடத்தை அழிச்சுட்டேன். நான்னு தெரிஞ்சுதான் இத்தனை நாளும் என்கூட மல்லுக்கு நின்னீங்களா, அப்பா?'"