வென்டலின் மூன்று நிமிடம்

மைக்கைப் பிடித்த பிறகுதான் மூன்றாவது வரிசையில் டாரல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன்.

டாரல் கோழிக் கம்பெனியின் சூப்பர்வைசர். வாரம் ஒரு தடவை என் கொட்டகைக்கு வந்து கோழிகளைப் பார்த்துவிட்டுப் போகிறவன். மடியில் ஒரு தாளை வைத்து என்னவோ எழுதிக்கொண்டிருந்தான்.

வேறென்ன எழுதுவான்? கம்பெனிக்கு எதிராக யார் யார் பேசுகிறார்கள் என்றுதான்.

அலபாமாவில் எங்கள் பக்கம் முன்பு நான்கு கோழிக் கம்பெனிகள் இருந்தன. ஒன்று மற்ற மூன்றையும் விழுங்கிவிட்டது. குஞ்சும் தீவனமும் அவர்களுடையவை. கொட்டகையும் கடனும் எச்சமும் என்னுடையவை. அவர்கள் குஞ்சு அனுப்பாவிட்டால் வேறு யாரிடமும் போய் நிற்க முடியாது.

ஒவ்வொரு பேட்ச் முடிந்ததும் கோழிகளை எடை போட்டு, பண்ணைக்காரர்களை வரிசைப்படுத்துவார்கள். போன இரண்டு பேட்சிலும் நான்தான் கடைசி. இந்த முறையும் கடைசி என்றால் ஒப்பந்தம் கிடையாது.

இந்த ஏகபோகத்தை விசாரிக்கத்தான் வாஷிங்டனிலிருந்து அதிகாரிகள் வந்திருந்தார்கள். நான் போட்ட மனுவைப் பார்த்துத்தான் வருகிறார்கள் என்று முடிவெட்டும் கடையிலிருந்து தேவாலயம் வரைக்கும் தம்பட்டம் அடித்திருந்தேன்.

ஆளுக்கு மூன்று நிமிடம். மூன்று வாரம் கொட்டகைக்குள் நின்று பேசிப் பழகினேன். இருபத்துநாலாயிரம் கோழிகளில் ஒன்றுகூட என்னை மறுத்துப் பேசவில்லை. மனைவி லோரீன் வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து நேரம் பார்த்தாள்.

இப்போது தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"கம்பெனி எங்கள நல்லாத்தான் பாத்துக்குதுங்க. அவ்வளவுதான்."

சுவர்க் கடிகாரத்தில் பத்து வினாடிகூட ஓடியிருக்காது. வீட்டில் புலி, வெளியில் எலி என்பார்கள். எலியாவது கீச்சென்று கத்தும்.

திரும்பி வந்து லோரீன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அப்போது டாரல் எழுந்தான். பேசுவதற்குப் பெயர் கொடுக்கும் நேரம் காலையிலேயே முடிந்துவிட்டது. இனி, பேசியவர் தன் மிச்ச நேரத்தை விட்டுக்கொடுத்தால்தான் இன்னொருவர் பேசலாம்.

"அவருக்கு இன்னும் ரெண்டே முக்கால் நிமிஷம் இருக்குதுங்க. அத எனக்குத் தருவாரான்னு கேளுங்க."

அதிகாரி என்னைப் பார்த்தார். மண்டபமே திரும்பி என்னைப் பார்த்தது.

கம்பெனியின் புகழ் பாடத்தான் கேட்கிறான் என்று நினைத்தேன். மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. தலையை ஆட்டினேன். அன்றைக்கு நான் செய்த ஒரே நல்ல காரியம் அது. அதையும் பயத்தில்தான் செய்தேன்.

டாரல் மைக் முன்னால் போய்த் தாளைப் பிரித்தான்.

"இந்த வென்டல் மனு போட்டாருன்னு, எங்க மேனேஜர் சொல்லி, ரெண்டு பேட்சுக்கும் நோஞ்சான் குஞ்சாப் பொறுக்கி இவர் கொட்டகைக்கு அனுப்பினது நான்தான். இவங்க வளர்ப்புல ஒரு குறையும் இல்ல."

அவன் வேலை அந்த நொடியே போய்விட்டது என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். அவன் அடுத்த வரியைப் படிக்க ஆரம்பித்தான்.

எனக்கு வெட்கத்தில் காது சுட்டது. லோரீன் முகத்தைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தேன்.

அந்த இரண்டு தடவையும், மின்விசிறியை ஒழுங்காகக் கவனிக்காமல் கோழிகளைக் கெடுத்தாய் என்று நான் அவளைத்தான் திட்டித் தீர்த்திருந்தேன்.

அவளும் அதை நம்பினாள். இந்தப் பேட்ச் வந்த நாளிலிருந்து அவள் படுக்கை கொட்டகையில்தான்.