தடித்த எழுத்து

அவள் கணவர் இறந்த மறு வருஷம் அவருடைய கம்ப்யூட்டரும் மூச்சு வாங்கத் தொடங்கியது. நாத்தனார் ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தியாகம் செய்து, அண்ணனின் மெயில்களையெல்லாம் புதுக் கம்ப்யூட்டருக்கு மாற்றிக் கொடுத்தாள்.

"எல்லாம் வந்துடுச்சு அண்ணி. ஆனா எல்லாமே படிச்சதாத்தான் காட்டுது."

அவள் நாத்தனாரிடமிருந்து மவுஸை வாங்கி, பட்டியலை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தாள். அவள் அனுப்பியதில் பிடித்த மெயிலைப் படித்த பிறகும், படிக்காததாக மாற்றி வைப்பது அவர் வழக்கம். அது தடித்த எழுத்திலேயே நிற்கும். தான் எழுதியவற்றில் எது அவருக்குப் பிடித்தது என்று அவளுக்குச் சொல்ல அது ஒன்றுதான் மிச்சமிருந்தது.

"மூஞ்சியைத் தூக்காதீங்க. வேலை செய்யுதான்னு பார்க்கலாம், அண்ணனுக்கு ஒரு மெயில் போடுங்க."

'புதுசு வாங்கிட்டேன். விலையைக் கேட்டுத் திட்டாதீங்க' என்று போனிலிருந்து அனுப்பினாள். வந்தது. இருவரும் திறந்து படித்துச் சிரித்தார்கள். எழுத்து மெலிந்தது. நாத்தனார் பழைய கம்ப்யூட்டரின் ஒயரைப் பிடுங்கிச் சுருட்டினாள்.

காபி குடித்துவிட்டு வந்தபோது, அந்த மெயில் தடித்த எழுத்தில் இருந்தது.

"நீங்க தொட்டீங்களா அண்ணி?"

"உன்கூடத்தானேடி இருந்தேன்!"

நாத்தனார் மவுஸை எடுக்கப் போனாள். அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். திரையில் பழைய மெயில் ஒன்று தடித்தது. சற்றுப் பொறுத்து இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் நடுவே, ஒரு மெயிலைப் படித்து முடிக்கிற நேரம் இருந்தது.

"ரொம்ப தேங்க்ஸ்ங்க" என்றாள் அவள் திரையைப் பார்த்து. "மெதுவாவே படிங்க. நான் இங்கதான் இருக்கேன்."